குர்த்தா அணிந்த வீரன்

வீரனைக் கல்லில் நிறுத்தி வணங்கிய மரபு நம்முடையது. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்கப் போய் உயிர் நீத்தவனுக்கு ஊரார் நடுகல் எடுத்தனர். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை அதற்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. அக்கல்லில் நின்றவன் வானத்தில் பறந்தவன் அல்லன். மலையைப் பெயர்த்தவனும் அல்லன். அடுத்த தெருக்காரன். அவன் தந்தையையும் தாயையும் ஊர் அறியும். அவன் செய்தது ஒன்றே: எல்லாரும் வீட்டுக்குள் ஒடுங்கிய நேரத்தில் அவன் வெளியே வந்தான்.

பச்சைமலைத் தொடரைக் கண்ணுக்கெட்டும் தொலைவில் கொண்ட பூலாம்பாடிப் பகுதியில், மறைக்கல்வி வகுப்பு முடிந்த ஒரு ஞாயிறன்று பிள்ளைகளிடம், "உங்களுக்குத் தெரிந்த வீரர்களின் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். பெயர்கள் மழையாய்ப் பொழிந்தன. சுவரில் ஊர்பவர், வானில் பறப்பவர், லட்டு தின்றதும் பலம் பெறுபவர் என்று பட்டியல் நீண்டது. அதில் நம் மண்ணில் வாழ்ந்த மனிதர் ஒருவரும் இல்லை. பிள்ளைகள் மீது குறை சொல்வதற்கில்லை. நாம் எதைக் கொடுத்தோமோ அதைத்தானே அவர்கள் திருப்பித் தந்தார்கள்! ஆயினும் அக்கேள்வி என்னை ஒரு சிறு வரலாற்றுத் தேடலில் இறக்கிவிட்டது. சித்திரக்கதை என்னும் இந்தக் கலையில், இறக்குமதி செய்யாமல் நம் நாட்டிலேயே ஒரு வீரனை உருவாக்க யாரேனும் முயன்றார்களா? முயன்றார்கள் எனில் அவ்வீரன் என்ன ஆனான்?

முயன்றவர் உண்டு. அவர் பெயர் ஆபித் சுர்தி. அவர் படைத்த வீரன் பகதூர். அவனுடைய கதையும், அதைவிடச் சுவையான அவரது கதையும் நாம் அறியத் தக்கவை.

இறக்குமதியான வீரர்கள்

1964-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 'இந்திரஜால் காமிக்ஸ்' என்னும் இதழைத் தொடங்கியது. பெயர் இந்தியப் பெயர். உள்ளே இருந்தவர்களோ அமெரிக்கர்கள். லீ ஃபாக் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1934-இல் படைத்த மந்திரவாதி மாண்ட்ரேக்கும், 1936-இல் படைத்த முகமூடி வீரர் ஃபாண்டமும் அதன் தூண்கள். இந்த ஃபாண்டத்தைத் தமிழ் வாசகர் நன்கு அறிவர். முத்து காமிக்ஸ் அவரை 'வேதாளர்' என்றது. ராணி காமிக்ஸ் 'மாயாவி' என்றது. மாத இதழாகத் தொடங்கிய இந்திரஜால் பின்னர் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறையும், அதன்பின் வாரந்தோறும் வெளிவந்தது. ஆங்கிலம், இந்தி, மராத்தி, வங்காளம் முதலிய மொழிகளோடு சில காலம் தமிழிலும் வந்தது.

வேதாளரின் கதையை இந்தியாவில் அச்சிடுவதில் ஒரு சங்கடம் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் காட்டு மக்களைக் காத்து ஆளும் வெள்ளையர் அவர். அவரது நாட்டின் பெயர் வங்காளத்தை நினைவூட்டியது. அவருடைய பரம்பரைப் பகைவரான கடற்கொள்ளையர் கூட்டத்துக்குச் 'சிங்' என்ற பெயர். கொடியவன் ஒருவனுக்கோ 'ராமா' என்றே பெயர். விடுதலை பெற்று இருபது ஆண்டுகூட நிறையாத நாட்டில் இவற்றை அப்படியே அச்சிட இயலுமா? எனவே இந்திரஜால் ஆசிரியர் குழு நாட்டின் பெயரை 'டெங்காலி' என்றும், கொள்ளையரைச் 'சிங்கா' என்றும், ராமாவை 'ராமலு' என்றும் திருத்தி வெளியிட்டது. பெயர்கள் திருந்தின, கதையின் அடித்தளம் மாறவில்லை. எங்கிருந்தோ வந்த ஒருவர் காப்பார், உள்ளூர் மக்கள் காக்கப்படுவர் என்பதே அந்த அடித்தளம்.

இதே நிறுவனத்தில் இந்திரஜால் தொடங்கப்பட்டபோது பணியாற்றிய அனந்த் பை, இக்குறையை வேறு வழியில் நிரப்பினார். தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றில் கிரேக்கத் தெய்வங்களைப் பற்றிச் சரியாக விடை சொன்ன நம் பிள்ளைகள், இராமனின் தாய் யார் என்ற கேள்விக்கு விழித்ததைக் கண்டு வருந்தி, 1967-இல் 'அமர் சித்திரக் கதை' வரிசையைத் தொடங்கினார். புராணங்களும் வரலாறும் வண்ணப் படங்களாயின. ஆனால் அவை நேற்றைய வீரர்களின் கதைகள். இன்றைய இந்தியாவில், நம்மைப் போல் பேருந்தில் ஏறி, நம்மைப் போல் காவல் நிலையத்தைக் கடந்து நடக்கும் ஒரு வீரன் இன்னும் பிறக்கவில்லை.

நம் தமிழகத்திலும் நிலைமை பெரிதும் வேறன்று. 1960 முதல் தினத்தந்தியில் வந்த 'கன்னித்தீவு' சிந்துபாத்தின் பயணம். சிறுவர் இலக்கியத்துக்கே வாழ்ந்த வாண்டுமாமா போன்றோர் சொந்தச் சித்திரக்கதைகளைப் படைத்தனர். ஆயினும் ஊரையே ஆட்டிவைத்தவர் 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி'தான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும் அந்த மனிதர் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழில் 1962-இல் பிறந்தவர். நெசவாளர் வீட்டிலும் உழவர் வீட்டிலும் பிறந்த நம் சிறுவர்கள் அவரைத் தமிழராகவே கருதினர். கையில் இருப்பது எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்கும் வயதா அது?

அந்த மாயாவியின் வளர்ச்சியையும் சற்று நோக்குவோம். தொடக்கத்தில் அவர் நல்லவர் அல்லர். ஆய்வுக்கூட விபத்தில் பெற்ற ஆற்றலால் மதிமயங்கிக் குற்றவாளியாகிறார். பின்னர்த் தெளிந்து, இரகசிய உளவுப் படையின் உறுப்பினராகிறார். அதன்பின் தனி உடையணிந்த அதிவீரராகவும் உலவுகிறார். ஒவ்வொரு கட்டத்திலும் ஆற்றல் மிகுந்தது. ஒரு கையை இழந்த மனிதனின் துயரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. சித்திர வீரர்களின் வரலாற்றில் இது பொதுவான போக்கு.

இரு நண்பர்கள், ஒரு கையெழுத்துக் கனவு

இப்போக்கின் மூலத்தைக் காண அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகருக்குச் செல்ல வேண்டும். அங்கே பள்ளித் தோழர்களான ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இருவர் வாழ்ந்தனர். இருவரும் குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். ஒருவர் எழுதுவார், மற்றவர் வரைவார். 1933-இல் தாங்களே படியெடுக்கும் பொறியில் அச்சிட்டு நடத்திய சிற்றிதழில் 'சூப்பர்மேன்' என்னும் பெயரை முதன்முதலாகப் பயன்படுத்தினர். அப்போது அப்பெயர் ஒரு தீயவனுக்கு உரியது! பிறர் மனத்தை ஆட்டிவைக்கும் வழுக்கைத் தலையன் அவன். பிறகு சிந்தனை மாறியது. தீயவன் மறைந்து நல்லவன் பிறந்தான். 1938-இல் அச்சேறியபோது அவனால் பறக்க இயலாது. ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தாண்டுவான்; விரைவு ரயிலை முந்துவான். அவ்வளவே. அடுத்த சில ஆண்டுகளில் வானொலியும் அசைவூட்டுப் படமும் அவனைப் பறக்கவைத்தன. நாளடைவில் கோள்களையே தள்ளும் வலிமை அவனுக்கு வாய்த்தது.

1932-இல் சீகலின் தந்தை நடத்திவந்த பழைய துணிக்கடையில் திருடர்கள் புகுந்தனர். அந்த நிகழ்வின்போது தந்தை மாரடைப்பால் இறந்தார். அந்த இழப்பையும், குண்டு துளைக்காத உடல் கொண்ட மனிதனை மகன் கற்பனை செய்ததையும் இணைத்துப் பார்ப்போர் உண்டு. காக்கப்படாத தந்தைக்காக, எவரையும் காக்க வல்ல ஒருவன்! ஆனால் அப்படைப்பாளிகளைக் காப்பாற்ற அவன் வரவில்லை. 130 டாலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு, வறுமையிலும் வழக்கிலும் பல ஆண்டுகளைக் கழித்தனர். 1975-இல்தான் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், தங்கள் பெயர் அச்சிடப்படும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தன.

இடைப்பட்ட காலத்தில் பிழைப்புக்காகச் சீகல் எழுதிய கதைகளுள், இங்கிலாந்து இதழொன்றில் வந்த 'ஸ்பைடர்' கதைகளும் அடங்கும். 1984-இல் சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாக நம் சிறுவர் விழுந்து விழுந்து படித்த அதே ஸ்பைடர்தான். சூப்பர்மேனைப் பெற்றவரின் கைவண்ணத்தை நாம் அவர் பெயர் அறியாமலே படித்திருக்கிறோம்.

கிழிந்த ஒரு பக்கம்

இனி நம் வீரனிடம் வருவோம். ஆபித் சுர்தி 1935-இல் குஜராத்தில் ஓர் இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து, பம்பாயின் டோங்ரிப் பகுதியில் வறுமையில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், துறைமுகத்திலிருந்து படைவீரர்களை ஏற்றிச் செல்லும் ரயில் அவ்வழியே மெதுவாகப் போகும். தெருப் பிள்ளைகள் கூடவே ஓடுவர். வீரர்கள் தின்பண்டங்களை எறிவர். ஒருநாள் ஒருவர் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றை எறிந்தார். எல்லாப் பிள்ளைகளும் பாய்ந்து பறித்ததில் புத்தகம் கிழிந்தது. சுர்தியின் கையில் மிஞ்சியது ஒரே பக்கம். அதில் மிக்கி எலி. அதைப் பார்த்து வரைந்து பழகிய சிறுவன், இது என்னாலும் ஆகும் என்று கண்டுகொண்டான்.

பின்னாளில் அவர் பம்பாயின் ஜே. ஜே. கலைப் பள்ளியில் பயின்றார். ஓவியர், நாவலாசிரியர், நாடக ஆசிரியர், கேலிச்சித்திரக்காரர் எனப் பன்முகம் கொண்டார். இந்தி வார இதழான 'தர்மயுக்'கில் அவர் வரைந்த 'டப்பூஜி' என்னும் நகைச்சுவைச் சித்திரம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. 1993-இல் அவரது சிறுகதைத் தொகுப்பொன்றுக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

இந்திரஜால் இதழுக்காக அவர் 1976-இல் படைத்த வீரனே பகதூர். படம் வரைந்தவர், வேதாளர் இதழ்களின் அட்டைப் படங்களை வண்ணத்தில் தீட்டிப் பெயர் பெற்ற கோவிந்த் பிராமணியா. அதுவரை முகமூடியும் இறுக்க உடையும் கண்டு பழகிய வாசகர்களின் முன் காவி நிறக் குர்த்தாவும் நீலநிற ஜீன்ஸும் அணிந்த இளைஞன் ஒருவன் வந்து நின்றான். மேலாடை கிராமத்தினுடையது, கீழாடை நகரத்தினுடையது. எழுபதுகளின் இந்திய இளைஞன் எந்த இரண்டுக்கும் நடுவே நின்றான் என்பதை அந்த உடை ஒன்றே சொல்லிவிட்டது.

அவனுக்கு மாய ஆற்றல் ஏதுமில்லை. வேற்றுக் கோளிலிருந்து வரவில்லை. மின்சாரம் பாய்ந்து மாறவும் இல்லை. அவனிடம் இருந்தது ஒரு காயம். அவனுடைய தந்தை ஒரு கொள்ளைக்காரர். காவல் துறையின் குண்டுக்கு இரையானவர். அநாதையான அச்சிறுவனை எடுத்து வளர்த்தவர் விஷால் என்னும் காவல் அதிகாரி. தன் தந்தையின் இறப்புக்குக் காரணமானவரும், தன்னை மகனாய் வளர்த்தவரும் ஒருவரே என்று அவன் அறியும் நேரம் வருகிறது. பழிவாங்கும் உணர்வு பொங்குகிறது. பின்னர், தந்தை எத்தகையவர், அவரால் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பதை உணர்ந்து, துப்பாக்கியைத் தாழ்த்துகிறான்.

சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். சூப்பர்மேனைப் படைத்தவரின் தந்தை திருடர்களால் உயிரிழந்தவர். பகதூரின் தந்தையோ திருடரே. முதல் வீரன் தன் வீட்டுக்கு வெளியே தீமையைக் கண்டான். இரண்டாமவன் அதைத் தன் குருதியிலேயே கண்டான். தன் வீட்டாரின் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடுசெய்யப் புறப்படும் வீரர்கள் சித்திரக்கதை உலகில் அரியர். பழிக்குப் பழி என்னும் சங்கிலியின் ஒரு கண்ணியை, அது தன் கையில் இருந்தபோதே அவன் கழற்றிவிட்டான். மன்னிப்பைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். அதை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் இதழில் சிறுவருக்குக் கதையாகச் சொன்னவர் இக்கலைஞர்.

பள்ளத்தாக்கின் நிழல்

இக்கதை வெறுங்கற்பனையில் விளைந்ததன்று. மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் சம்பல் பள்ளத்தாக்கு நெடுங்காலம் கொள்ளையர் கோட்டையாக இருந்தது. நிலத்தகராறும் சாதிப் பகையும் காவல் துறையின் கொடுமையும் பலரை அங்கே துரத்தின. அவர்கள் தங்களைக் கொள்ளையர் என்று சொல்லிக்கொள்வதில்லை; 'பாகி', அதாவது கலகக்காரர், என்றனர். 1960 மே மாதத்தில் வினோபா பாவே அப்பள்ளத்தாக்கில் கால்நடையாகச் சென்றபோது இருபது பேர் அவர் முன் ஆயுதங்களை வைத்தனர். 1972 ஏப்ரலில் ஜெயப்பிரகாஷ் நாராயணன் முயற்சியால் மோகர் சிங், மாதோ சிங் போன்ற பெயர்பெற்ற தலைவர்கள் ஜௌரா என்னும் ஊரில் காந்தியடிகளின் படத்தின் முன் துப்பாக்கிகளைத் துறந்தனர். தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் சரணடைந்தனர். ஆயினும் கொள்ளை முற்றிலும் ஒழியவில்லை. பூலன் தேவி ஆயுதத்தைக் கீழே வைத்தது 1983 பிப்ரவரியில்தான்.

இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் நடுவில் பிறந்தவன் பகதூர். துப்பாக்கியைத் துறந்தவர்களின் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று நாடு எண்ணிக்கொண்டிருந்த வேளை அது. கொள்ளையனின் மகன் கொள்ளையனாகத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரு சித்திரக்கதை விடை சொன்னது.

அவன் கண்ட வழியும் கருதத் தக்கது. தனியொருவனாகக் குதிரையேறிக் கொள்ளையரை விரட்டுவதோடு அவன் நிற்கவில்லை. ஊராரைத் திரட்டிப் பயிற்சி அளித்து, 'நாகரிக் சுரக்ஷா தளம்' என்னும் குடிமக்கள் பாதுகாப்புப் படையை அமைத்தான். வேதாளரின் காட்டில் மக்கள் முரசறைந்து அவரை அழைத்துவிட்டுக் காத்திருப்பர். பகதூரின் ஊரில் மக்களே இரவுக் காவல் நின்றனர். லக்கன் போன்ற தோழர்கள் அவனுக்குத் துணை. பேலா என்னும் இளம்பெண் அவனுக்கு நிகராகச் சண்டையிடுபவள். ஆபத்தில் அலறி, நாயகன் வரும்வரை தூணில் கட்டுண்டு கிடக்கும் பதுமை அல்லள். அக்காலத் திரைப்படங்களோடு ஒப்பிட்டால் இவ்விரண்டின் புதுமை புலப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஊரார் ஆயுதம் ஏந்திக் காவல் புரிவது கதையில் இனிக்கும். நடைமுறையில் அது எளிதில் ஒரு சாதியின் படையாகவோ, ஒரு பண்ணையாரின் படையாகவோ திரிந்துவிடும். பின்னாளில் பீகார் போன்ற பகுதிகளில் அத்தகைய படைகள் எளியோரின் குருதியைச் சிந்தியதை வரலாறு அறியும். பகதூரின் படை அவ்வாறு ஆகாமைக்குக் காரணம், அதன் தலைவன் தன் தந்தையின் குற்றத்தை முதலில் ஏற்றுக்கொண்டவன் என்பதே. தன் பக்கமும் பிழை உண்டு என்று அறிந்தவன் கையில்தான் ஆயுதம் சற்றேனும் பாதுகாப்பாக இருக்கும்.

வளர்ச்சியா, தேய்வா?

ஆண்டுகள் உருண்டன. எண்பதுகளில் பகதூரின் கதைகளை ஜக்ஜித் உப்பல் எழுதலானார். களம் மெல்ல மெல்லக் கிராமத்தை விட்டு நகர்ந்தது. கொள்ளையர்களின் இடத்தில் கடத்தல்காரர்களும் பன்னாட்டுச் சதிகாரர்களும் வந்தனர். சண்டைக் கலையும் வாகனங்களும் மிகுந்தன. குர்த்தா அணிந்த ஊர்க்காவலன் நாளடைவில் எந்த நாட்டுக் கதையிலும் பொருந்தக்கூடிய துப்பறிவாளனின் சாயலைப் பெற்றான். இதை ஒருவர் வளர்ச்சி என்பார். வாசகர்கள் கேட்டார்கள், இதழ் கொடுத்தது என்பார். அதில் நியாயம் உண்டு. சம்பலில் துப்பாக்கி ஓசை குறைந்துவந்த காலம். நகரத்துச் சிறுவனுக்குக் கொள்ளையரைவிடக் கடத்தல்காரனே பழகிய பகைவன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரும்புக்கை மாயாவியிடம் கண்ட அதே போக்கு இங்கும் நேர்ந்தது. வீரனின் எல்லை விரிந்தது. அவனுடைய காயம் மறக்கப்பட்டது. உலகையே காக்கப் புறப்பட்டவனுக்கு, எந்த ஊரைக் காப்பதற்காக முதலில் எழுந்தான் என்பது மங்கிப்போயிற்று. வாசகனும் மாறினான். முதலில் "நாமும் இரவுக் காவலுக்குப் போகலாமா?" என்று கேட்கக்கூடியவனாய் இருந்தவன், பின்னர் "அடுத்து என்ன செய்வான்?" என்று மட்டும் கேட்பவனானான்.

1990-இல் இந்திரஜால் காமிக்ஸ் நின்றுபோனது. ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகளில் எண்ணூறுக்கும் மேற்பட்ட இதழ்கள் வந்திருந்தன. வீடுதோறும் தொலைக்காட்சி நுழைந்துகொண்டிருந்த காலம் அது. பகதூரும் இதழோடு அடங்கினான்.

அவனுக்குப் பின் உள்நாட்டு வீரர்கள் இல்லாமற் போகவில்லை. டெல்லியின் ராஜ் காமிக்ஸ் 1986-இல் 'நாகராஜ்' என்னும் வீரனை அறிமுகம் செய்தது. உடலில் பாம்புகளைக் கொண்ட அவனும் முதலில் தீயோர் கையில் ஓர் ஆயுதமாக இருந்து, பின்னர் நல்வழிக்கு வந்தவன். 1987-இல் அனுபம் சின்ஹா எழுதி வரைந்த 'சூப்பர் கமாண்டோ துருவா' அதிசய ஆற்றல் ஏதுமின்றி அறிவாலும் பயிற்சியாலும் வென்றவன். பகதூருக்கு ஒருவகையில் தம்பி முறை. நம் பங்குக்குத் திருச்சிராப்பள்ளியும் ஒரு நாயகனைத் தந்தது. 'டிங்கிள்' இதழில் 1983 முதல் வந்த சுப்பாண்டி, திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பிய நாட்டுப்புறக் கதைகளிலிருந்து பிறந்தவன். பெரம்பலூர் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடுதான் இருந்தது. வடக்கு வீரனைக் கொடுத்தது. நாம் ஒரு வெள்ளந்தியைக் கொடுத்தோம். பிள்ளைகள் இன்றும் அவனை மறக்கவில்லை என்பதில் நமக்குச் சிறு பெருமை உண்டு.

எழுபதைக் கடந்த வீரர்

இத்தோடு கதை முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவை எழுந்திராது. வீரன் அடங்கிய பின் அவனைப் படைத்தவர் எழுந்தார்.

சுர்தி மும்பைக்கு அடுத்த மீரா ரோடு பகுதியில் குடியிருந்தார். ஒருமுறை நண்பர் வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்டார். இவ்வளவு சிறிய வேலைக்கு எந்தக் குழாய்த் தொழிலாளி வருவார் என்றார் நண்பர். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் மாதத்துக்கு ஆயிரம் லிட்டர் நீர் வீணாகும் என்று சுர்தி எங்கோ படித்திருந்தார். ஒரு வாளித் தண்ணீருக்காகத் தம் தாய் விடியற்காலை நான்கு மணிக்கே வரிசையில் நின்ற காட்சி அவர் நெஞ்சில் இருந்தது. ஒவ்வொரு சொட்டின் ஓசையும் அவருக்குப் பொறுக்கவில்லை.

2007-இல் உத்தரப் பிரதேச இந்தி சாகித்திய சன்ஸ்தான் அவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் பரிசளித்தது. அப்பணத்தைக் கொண்டு 'டிராப் டெட்' என்னும் அறக்கட்டளையைத் தொடங்கினார். ஒவ்வொரு சொட்டையும் காப்பாற்று, இல்லையேல் மடிந்துபோ என்னும் பொருள்படும் அவரது முழக்கத்திலிருந்து எடுத்த பெயர் அது. அறக்கட்டளை என்றால் கட்டடமோ அலுவலகமோ அல்ல. அவர், ஒரு குழாய்த் தொழிலாளி, ஒரு பெண் தன்னார்வலர் ஆகிய மூவர். வாரத்தின் இடையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் அனுமதி பெற்றுச் சுவரொட்டி ஒட்டுவர். ஞாயிறன்று வீடு வீடாகக் கதவைத் தட்டி, ஒழுகும் குழாய் உண்டா என்று கேட்டுக் கட்டணமின்றிச் சரிசெய்து தருவர். பெரும்பாலும் தேய்ந்த ஒரு வாஷரை மாற்றினால் போதும்; சில ரூபாய்ச் செலவு, சில நிமிட வேலை. முதல் ஆண்டிலேயே ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளின் கதவைத் தட்டினர். ஏறத்தாழ நானூறு குழாய்களைச் சரிசெய்தனர். தொடங்கியபோது அவருக்கு வயது எழுபத்திரண்டு.

கங்கையைத் தம்மால் காக்க இயலாது, ஒரு குழாயைக் காக்க இயலும் என்பது அவரது நிலைப்பாடு. இதைச் சிறுமை என்று எண்ணுவோர் உண்டு. நாட்டின் நீர்ச் சிக்கல் ஆலைகளாலும் பாசன முறையாலும் அரசின் திட்டங்களாலும் தீர்மானிக்கப்படுகையில், வாஷர் மாற்றுவதால் என்ன ஆகும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வாஷரால் ஆறு நிரம்பாது. ஆனால் அக்கதவைத் திறந்த இல்லத்தரசியும், அருகில் நின்று பார்த்த சிறுவனும் அதன்பின் சொட்டும் ஓசையைக் கேளாதவர்போல் இருக்க முடியாது. பகதூர் தன் ஊராருக்குக் கற்பித்ததும் இதுவே: காவல் என்பது யாரோ ஒருவரின் வேலையன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் காகிதத்தில் வரைந்த ஊர்க்காவலை, படைப்பாளி தம் முதுமையில் காலால் நடந்து செய்துகாட்டினார். இதழ்கள் வீரனை நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் இட்டுச் சென்றன. அவரோ அவனை மீண்டும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார்.

சித்திர வீரர்களின் வரலாற்றில் இப்படியொரு திருப்பத்தை நான் வேறெங்கும் காணவில்லை. சூப்பர்மேனின் படைப்பாளிகள் தங்கள் வீரனின் நிழலில் வாடினர். அவர்களுக்கு இழைக்கப்பட்டது அநீதி. சுர்தியிடமோ வீரன் படைப்பாளிக்குள்ளேயே புகுந்துகொண்டான்.

நம் ஊர் வாசலில்

நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி நீரின் அருமை அறிந்த மண். மானாவாரி நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைவித்து, வானத்தைப் பார்த்து வாழ்கிறவர்கள் நாம். கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போகின்றன. கோடை வந்தால் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையின் பக்கத்திலேயே, திருகு கழன்ற தெருக்குழாய் ஒன்று ஒழுகிக்கொண்டிருப்பதையும் காண்கிறோம். அது பேரூராட்சியின் வேலை என்று சொல்லிக் கடந்துபோகிறோம். அவர்களின் கடமைதான்; நினைவூட்ட வேண்டியதும், கேட்டுப் பெற வேண்டியதும் நம் உரிமை. ஆனால் அவர்கள் வரும்வரை ஒரு துணித்துண்டைக்கூடக் கட்டாமல் கடந்துபோவதற்கு நமக்கு யார் அனுமதி தந்தது?

நடுகல்லை ஊன்றுவதற்கு முன் அதை நீராட்டும் சடங்குக்கு 'நீர்ப்படை' என்று நம் முன்னோர் பெயரிட்டனர். ஊருக்காக நின்றவனுக்கு அவர்கள் செய்த முதல் மரியாதைகளுள் ஒன்று நீர். இக்காலத்தில் அந்நீரையே காத்து நிற்பவனுக்கு என்ன கல் நாட்டுவது?

அடுத்த வகுப்பில் பிள்ளைகளுக்குப் பகதூரின் கதையைச் சொன்னேன். தந்தையின் கொலைக்குப் பழிவாங்காமல் துப்பாக்கியைத் தாழ்த்திய இடத்தில் வகுப்பு அமைதியானது. ஒரு சிறுவன் மட்டும், "அப்பா திருடராய் இருந்தாலும் அவன் ஹீரோ ஆகலாமா, சாமி?" என்று கேட்டான். ஆகலாம் என்றேன். பிறகு அந்த முதிய ஓவியரின் கதையையும் சொன்னேன். அதற்கு அவர்கள் சிரித்தார்கள். குழாய் ரிப்பேர் செய்யும் ஹீரோவா என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். மறுவாரம் இரண்டு சிறுமிகள் வந்து, தங்கள் தெருவில் எத்தனை குழாய்கள் ஒழுகுகின்றன என்று எண்ணி எழுதிய தாளை என்னிடம் நீட்டினர். ஐந்து. அதைப் பேரூராட்சி அலுவலகத்தில் கொடுக்கத் தாங்களே செல்வதாகவும், துணைக்கு ஒரு பெரியவர் வேண்டும் என்றும் கேட்டனர்.